ஒரு மாதத்தின் விலை 40 லட்சம் பவுண்டு

2013 ஜூலை 31 வரை, பெல்ஜியக் கால்பந்து நடுக்கள ஆட்டக்காரர் மரூவான் ஃபெல்லெய்னியை 2.35 கோடி பவுண்டு தருகிற எந்தக் கிளப்புக்கும் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அந்த நாளோடு அது காலாவதியானது. எவர்ட்டனிலிருந்து அந்தக் கோடையில்தான் மான்செஸ்டர் யுனைடெடுக்கு மேலாளராக வந்திருந்த டேவிட் மோய்ஸ், தம் பழைய ஆட்டக்காரரை விரும்பினார் என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் ஜூலை கடந்தது. ஆகஸ்டில் ஃபெல்லெய்னிக்கும் அவருடைய எவர்ட்டன் சகா லெய்ட்டன் பெயின்ஸுக்கும் சேர்த்து 2.8 கோடி பவுண்டு என்று யுனைடெட் கேட்டபோது எவர்ட்டன் அதைச் சீண்டவும் இல்லை. செப்டம்பர் 2 அன்று, கிளப்புகள் ஆள் வாங்கவும் விற்கவும் அனுமதிக்கப்பட்ட காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடப்படும் இரவில், ஃபெல்லெய்னி ஒருவருக்கு மட்டும் 2.75 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அவர் ஆட்டமும் காலும் உயரமும் ஜூலையில் இருந்தபடியேதான் இருந்தன. கூடுதலாகக் கொடுத்த 40 லட்சம் பவுண்டு முழுவதும் நாள்காட்டிக்குப் போன பணம்.

ஒவ்வொரு கோடையிலும் ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்களிடையே நடக்கும் சண்டைக்கு இரண்டே கட்சிகள்தான். 'இன்னும் 50 லட்சம் கொடுத்து முடித்துத் தொலைக்கலாமே, சீசன் தொடங்கப் போகிறதே' என்பது ஒரு கட்சி. 'அவ்வளவு பெறமாட்டார், பொறுத்திருந்தால் விலை இறங்கும்' என்பது எதிர்க்கட்சி. முதல் கட்சியின் கையில் ஃபெல்லெய்னி இருக்கிறார். இரண்டாம் கட்சியின் கையில் ஜேடன் சாஞ்சோ இருக்கிறார். 2020இல் அவருடைய ஜெர்மானியக் கிளப் டோர்ட்மண்ட் அவருக்கு 12 கோடி யூரோ விலை சொல்லி, ஆகஸ்ட் 10க்குள் முடிக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தது. யுனைடெட் கெடுவைத் தாண்டவிட்டு, அடுத்த ஆண்டு அதே ஆளை 8.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஆக, காத்திருந்ததால் விலை ஏறிய கதையும் இறங்கிய கதையும் ஒரே கிளப்பில் கிடைக்கின்றன. எந்தக் கட்சி சரி என்று கேட்பதைவிட, எப்போது விலை ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கேட்பதே பயன் தரும். அதற்கு விடை ஆட்டக்காரரின் திறமையில் இல்லை. விற்பவர், வாங்குபவர் இருவரில் யாருடைய நேரம் முதலில் தீர்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில், டிரான்ஸ்ஃபர் தொகை என்பது எதற்கான விலை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது ஆட்டக்காரருக்கான விலை என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது, நடப்பில் இருக்கும் ஒப்பந்தம் ஒன்றை முடியும் முன்பே முறித்துக்கொள்ள, பழைய கிளப்புக்குப் புதிய கிளப் தரும் இழப்பீடு. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் இழப்பீடு இல்லை. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய ஆட்டக்காரர் ஜான்-மார்க் பொஸ்மான் வழக்கில் வழங்கிய தீர்ப்புக்கு முன் இது இப்படி இருக்கவில்லை. லியேஜ் கிளப்புடன் ஒப்பந்தம் முடிந்த பிறகும், தொகை கிடைக்கவில்லை என்று அவரை பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போகவிடாமல் தடுக்க முடிந்தது. தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தத்தின் கடைசி நாள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் விலையையும் பூஜ்யத்தை நோக்கி இழுக்கிற எடையாக மாறியது.

இதன் மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு 2025இல் நிகழ்ந்தது. லிவர்பூலின் டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்டின் ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிய இருந்தது. ஜூலை 1 அன்று ரியல் மாட்ரிட் அவரை ஒரு காசும் தராமல் சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கிளப் உலகக் கோப்பை ஜூன் நடுவில் தொடங்கியது. அதற்காகவே ஜூன் தொடக்கத்தில் ஒரு சிறு விண்டோ திறக்கப்பட்டிருந்தது. அதில் அவரைப் பதிவு செய்வதற்காக மாட்ரிட் சுமார் 84 லட்சம் பவுண்டு கொடுத்தது. சில வாரங்களுக்கு அவ்வளவு பணமா என்று வியந்தவர்கள் உண்டு. அந்தப் போட்டியின் பரிசுத்தொகையைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா போகப்போகிற ஆளுக்கு அவ்வளவு வாங்கிய லிவர்பூல் நிர்வாகத்தைத்தான் மெச்ச வேண்டும்.

ஹாரி கேன் இதே கணக்கின் மறுபக்கம். 2018இல் டாட்டன்ஹமுடன் ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். 2021இல் மான்செஸ்டர் சிட்டி 10 கோடி பவுண்டு தர முன்வந்தபோது, கிளப் தலைவர் டேனியல் லெவி அசையவில்லை. ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகள் மிச்சம் இருந்தன. 2023 ஆகஸ்டில், ஒரே ஆண்டு மிச்சமிருந்தபோது, 10 கோடி யூரோவுக்கு மேல் வாங்கிக்கொண்டு பயர்ன் மியூனிக்குக்கு விட்டார். இடையில் கேன் ஒரே லீக் சீசனில் 30 கோல் அடித்ததும் நடந்தது. லெவி பேராசைப்பட்டாரா, பொறுமையாக இருந்தாரா என்று டாட்டன்ஹம் ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, அவர் கடைசிப் பேருந்து கிளம்பும் நேரத்தைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பதே. இன்னும் ஓராண்டு போயிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் பேரம் எப்படிச் சுருங்குகிறது என்பதை 2025 கோடையில் யுனைடெட் செய்த இரண்டு கொள்முதல்கள் பக்கத்தில் பக்கத்தில் காட்டின. வுல்வ்ஸின் மாதியஸ் குன்யாவின் ஒப்பந்தத்தில் 6.25 கோடி பவுண்டு என்று விடுவிப்புத் தொகை, அதாவது தந்தால் கிளப் மறுக்க முடியாத விலை, இருந்தது. ஜூன் தொடங்கும்போதே வேலை முடிந்தது. பிரென்ட்ஃபோர்டின் பிரையன் எம்பியூமோவுக்கு அப்படி ஒரு தொகை இல்லை. 4.5 கோடியும், குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் தரும் நிபந்தனைத் தொகையாக மேற்கொண்டு 1 கோடியும் என்று தொடங்கிய பேரம், வாரக்கணக்கில் நீண்டு, ஜூலை 21 அன்று 6.5 கோடியும் 60 லட்சமும் என்று முடிந்தது. 'முதலிலேயே 6.5 என்று சொல்லியிருந்தால் ஜூனிலேயே வந்திருப்பாரே' என்ற குறை எங்கும் கேட்டது. அது அவ்வளவு எளிதல்ல. ஜூனில் 6.5 கோடி சொல்லியிருந்தால் பிரென்ட்ஃபோர்டு 7.5 கோடி கேட்டிருக்கும் என்பதற்கும் சமமான வாய்ப்பு உண்டு. மேலாளர் தாமஸ் ஃபிராங்க் டாட்டன்ஹமுக்கும், அணித் தலைவர் கிறிஸ்டியன் நோர்கோர் ஆர்சனலுக்கும் போய்விட்ட அதே கோடையில், 20 லீக் கோல் அடித்தவரையும் அவசரமாக விற்றால் சொந்த ரசிகர்கள் என்ன சொல்வார்கள் என்கிற கவலை அந்தக் கிளப்புக்கு இருந்திருக்கும். இழுத்தடிப்பதில் ஒரு பகுதி பேரம். மறுபகுதி, நாங்கள் எளிதில் விடவில்லை என்று காட்டிக்கொள்வதற்கான அவகாசம்.

விடுவிப்புத் தொகை ஸ்பெயினில் சட்டத்தோடு பிணைந்தது. 1985ஆம் ஆண்டு அரசாணையின்படி, இழப்பீடு கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை அங்கே ஆட்டக்காரருக்கு உண்டு. அந்த இழப்பீட்டைத்தான் கிளப்புகள் எட்டாத உயரத்தில் எழுதிவைக்கின்றன. பார்சிலோனா நெய்மாருக்கு எழுதியது 22.2 கோடி யூரோ. யாரும் தரமாட்டார்கள் என்று எழுதிய எண்ணை 2017 ஆகஸ்ட் 3 அன்று பாரிஸ் சென்-ஜெர்மேன் தரப்பு கொண்டுவந்தது. ஸ்பானிய லீக் அலுவலகம் அந்தப் பணத்தை வாங்க மறுத்ததால், வழக்கறிஞர்கள் நேராகப் பார்சிலோனா கிளப்பிலேயே போய்ச் செலுத்தினார்கள். அன்றைக்கு முடிந்தது ஒரு விற்பனை; தொடங்கியது வேறொன்று. பார்சிலோனாவின் பையில் 22.2 கோடி இருக்கிறது, ஆகஸ்ட் முடிய நான்கு வாரம்தான் இருக்கிறது, நெய்மாரின் இடம் காலியாக இருக்கிறது என்ற மூன்றும் ஐரோப்பாவிலுள்ள ஒவ்வொரு கிளப்புக்கும் தெரியும். டோர்ட்மண்ட் இருபது வயது உஸ்மான் டெம்பெலேவை 10.5 கோடி யூரோவுக்கும் அதற்கு மேல் 4 கோடி வரையான நிபந்தனைத் தொகைக்கும் விற்றது. லிவர்பூல் அந்த ஆகஸ்டில் ஃபிலிப்பே கூட்டின்யோவைத் தரவே மாட்டோம் என்றது; ஜனவரியில், எல்லாம் சேர்த்து 14.2 கோடி பவுண்டு வரை போகக்கூடிய தொகைக்குத் தந்தது. நம்மூர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டால் கையை மூடி விரலைப் பிடித்து விலை பேசுவது, சுற்றி நிற்பவர்களுக்கு மடியிலிருக்கும் கனம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். பார்சிலோனாவின் துண்டு அன்றைக்குக் காற்றில் பறந்துவிட்டது.

எழுதிய தொகையும் எப்போதும் வேலை செய்யாது என்பதற்கு 2013இல் ஆர்சனல் பட்ட பாடு சாட்சி. லூயிஸ் சுவாரஸின் ஒப்பந்தத்தில் 4 கோடி என்ற எண் இருப்பதாகக் கேள்விப்பட்டு, 4 கோடியும் மேலே ஒரே ஒரு பவுண்டும் என்று கேட்டார்கள். லிவர்பூல் மறுத்தது, அதன் உரிமையாளர் ஜான் ஹென்றி ட்விட்டரில் கிண்டலும் செய்தார். சுவாரஸ் இன்னொரு சீசன் இருந்து 31 லீக் கோல் அடித்துவிட்டுப் பார்சிலோனாவுக்குப் போனார். அந்த ஒரு பவுண்டு இன்றைக்கும் ஆர்சனல் ரசிகர்களைச் சீண்டப் பயன்படுகிறது.

செய்தியில் வரும் தொகை, பேச்சுவார்த்தையின் மிகச் சிறிய பகுதியைத்தான் சொல்கிறது. பெரும்பாலான கொள்முதல்களில் பணம் தவணையில்தான் போகிறது. எத்தனை தவணை, முதல் தவணை எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதற்கே வாரக்கணக்கில் பேசுகிறார்கள். 2023 ஜனவரியில் செல்சி என்ஸோ ஃபெர்னாண்டஸை வாங்கிய முறையைக் கவனித்தால் இது விளங்கும். அவருடைய விடுவிப்புத் தொகை 12 கோடி யூரோ. செல்சி கொடுத்ததோ 12.1 கோடி. கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும்? 12 கோடியை மொத்தமாக ஒரே நாளில் வைக்க வேண்டும், 12.1 கோடியைத் தவணையில் கட்டலாம் என்று அவருடைய போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகா ஒப்புக்கொண்டது. ஜனவரி 31, கடைசி நாள். ஆறு மாதத்துக்கு முன் அவரை வாங்கிய பென்ஃபிகாவுக்கு விற்க எந்த அவசரமும் இல்லை. இடையில் அவர் உலகக் கோப்பையின் சிறந்த இளம் ஆட்டக்காரராகவும் தேர்வாகியிருந்தார். அவசரம் முழுவதும் லண்டனில் இருந்தது. வந்த தொகையில் 25 சதவீதம் அவரை முன்பு விற்ற ரிவர் பிளேட்டுக்குப் போனது. இத்தகைய பங்கு இருக்கும்போது விற்கிற கிளப் 'எங்கள் கைக்கு எவ்வளவு வரும்' என்று கணக்குப் போட்டே விலை சொல்கிறது. 10 கோடி கேட்கிறார்களே என்று நாம் எரிச்சல்படும் இடத்தில், அவர்களுக்கு மிஞ்சுவது ஏழரைக் கோடியாக இருக்கலாம். இதுபோக, வேறு நாட்டுக் கிளப்புக்கு நடக்கும் விற்பனைகளில், 12 வயதிலிருந்து 23 வயது வரை அந்தப் பையனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு 5 சதவீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி.

நிபந்தனைத் தொகைகள் தனி உலகம். 2015 செப்டம்பர் 1 அன்று மொனாக்கோவிலிருந்து பத்தொன்பது வயது ஆந்தொனி மார்ஷியாலை யுனைடெட் வாங்கியபோது, ஆரம்பத் தொகை 3.6 கோடி பவுண்டு. அவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கோல் அடித்தால் இவ்வளவு, பிரான்ஸ் அணிக்கு இத்தனை ஆட்டம் ஆடினால் இவ்வளவு, உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதுப் பட்டியலில் இடம்பிடித்தால் இவ்வளவு என்று மேலும் 2 கோடிக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். விற்பவருக்கு, பெரிய எண்ணைச் சொல்லி ரசிகர்களிடம் தலைநிமிர ஒரு வழி. வாங்குபவருக்கு, நடக்காவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. இரண்டு கிளப்பின் ரசிகர்களும் ஒரே விற்பனையைப் பற்றி இருவேறு தொகைகளைச் சொல்லிக்கொண்டு, இருவருமே உண்மை பேசுவது இதனால்தான் சாத்தியமாகிறது.

ஒப்பந்தக் கடிகாரத்தையும் விண்டோவின் கடிகாரத்தையும் ரசிகர்கள் வெகுகாலமாக அறிவார்கள். மூன்றாவதான கணக்கு ஆண்டின் கடிகாரம் அண்மையில்தான் பேச்சுக்கு வந்தது. இங்கிலாந்தில் பெரும்பாலான கிளப்புகளுக்குக் கணக்கு ஆண்டு ஜூன் 30 வாக்கில் முடிகிறது. வாங்கும் செலவை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம்: 10 கோடிக்கு வாங்கி ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டால், கணக்கேட்டில் ஆண்டுக்கு 2 கோடிதான் செலவு. விற்கும்போது கிடைக்கும் லாபமோ அந்த ஆண்டிலேயே முழுவதும் வரவாகிறது. செல்சி எட்டரை ஆண்டு ஒப்பந்தங்களைப் போட்டு ஆண்டுச் செலவை மெலியவைத்ததும், அதைப் பார்த்து முதலில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும், பிறகு 2023 டிசம்பரில் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கும் ஐந்து ஆண்டுக்கு மேல் பிரித்து எழுதக்கூடாது என்று வரம்பு கட்டியதும் இந்த இடைவெளியால்தான். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பையனை விற்றால், கழிக்க வேண்டிய பழைய செலவே இல்லை. விற்ற தொகை முழுவதும் லாபம். கிளப்புகள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளை முதலில் விற்கத் தூண்டுகிற விதி இது. அதை வகுத்தவர்கள் அப்படி எண்ணி வகுத்திருக்க மாட்டார்கள்.

விலையும் தேதியும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட வழக்கு நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுடையது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 2022இல் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்த ஃபாரஸ்ட், அந்தக் கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்தது. அப்போதைய லீக் விதிப்படி மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் காட்டலாம். ஆனால் அந்த மூன்றில் இரண்டு ஆண்டுகள் கீழ்ப்பிரிவில் இருந்ததால், ஃபாரஸ்டுக்கு அனுமதி 6.1 கோடிதான். 2023 ஜூன் முடிவில் கணக்கு 9.55 கோடி நட்டம் காட்டியது. 3.45 கோடி அதிகம். அதை அடைக்க ஒரு விற்பனை போதும். விற்பதற்கு ஆளும் இருந்தார். எட்டு வயதிலிருந்து அந்தக் கிளப்பில் வளர்ந்த பிரென்னன் ஜான்சன்தான் அவர். பழைய செலவு எதுவும் இல்லை. ஆனால் ஜூன் முடிவதற்குள் வந்த விலைகள் ஃபாரஸ்டுக்குக் குறைவாகப் பட்டன. பொறுத்திருந்தார்கள். செப்டம்பர் 1 அன்று, விண்டோவின் கடைசி நாளில், டாட்டன்ஹம் அவரை 4.75 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

வியாபாரமாகப் பார்த்தால் இது பாராட்ட வேண்டிய பொறுமை. நட்ட வரம்பை மீறியதற்காக நடந்த விசாரணையில் ஃபாரஸ்ட் சொன்னதும் அதுதான்: ஜூனில் மலிவாக விற்றிருந்தால் கிளப்புக்குத்தான் நட்டம், இரண்டு மாதம் தள்ளி அதிக விலைக்கு விற்றது, நிதி ஒழுங்கு வேண்டும் என்ற விதியின் நோக்கத்துக்கே பொருத்தமானது. விசாரணைக் குழு இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு கிளப்பும் நல்ல விலை வரட்டும் என்று கணக்கு ஆண்டைத் தாண்டிக் காத்திருக்கத் தொடங்கினால், வரம்பு என்று ஒன்று இருப்பதற்கே பொருள் இல்லை. ஆறு புள்ளிகள் என்று கணக்கிட்டு, ஒத்துழைத்ததற்காக இரண்டைக் குறைத்து, 2024 மார்ச் 18 அன்று நான்கு புள்ளிகளைப் பறித்தார்கள். மே மாதத்தில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஃபாரஸ்ட் 32 புள்ளிகளோடு, 26 எடுத்த லூட்டனுக்கு மேலே தப்பிப் பிழைத்தது. லூட்டன் இன்னும் ஏழு புள்ளிகள் எடுத்திருந்தால், அந்த இரண்டு மாதக் காத்திருப்பின் விலை பிரீமியர் லீக்கில் ஓர் இடமாக இருந்திருக்கும். இந்த வழக்கில் ஃபாரஸ்டின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். தீர்ப்பும் சரி என்றும் நினைக்கிறேன்.

பாடம் உடனே பரவியது. 2024 ஜூனின் கடைசி நாட்களில், பொதுவாக ஆள் நடமாட்டமே இல்லாத அந்தச் சந்தையில், திடீரென்று கூட்டம். இயன் மாட்சன் செல்சியிலிருந்து ஆஸ்டன் வில்லாவுக்கு 3.75 கோடி, மூத்த அணிக்கு ஒருசில ஆட்டங்களே ஆடியிருந்த பதினெட்டு வயது ஒமாரி கெல்லிமன் வில்லாவிலிருந்து செல்சிக்கு 1.9 கோடி. வில்லாவும் எவர்ட்டனும் ஆளுக்கொரு இளைஞரை மாற்றிக்கொண்டன. நியூகாசில், தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்சனை 3.5 கோடிக்கு ஃபாரஸ்டுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து ஒரு கோல்காப்பாளரை வாங்கியது. இந்தத் தொகைகளை வைத்து 'கெல்லிமன் 1.9 கோடி பெறுவாரா' என்று விவாதிப்பது, மொய்ப்பணத்தை வைத்து விருந்தின் ருசியைப் பேசுவது போன்றது. 2026-27 முதல் இந்த நட்ட வரம்பு போய், அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற புதிய விதி வர வேண்டும் என்று பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் வாக்களித்திருக்கின்றன. ஜூன் கடைசி வாரத்தின் பரபரப்பு அதனால் தணியுமா என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

விண்டோ என்ற ஏற்பாடே 2002-03 சீசனில்தான் எங்கும் கட்டாயமானது. அதற்கு முன் இங்கிலாந்தில் மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கதவு மூடும் நேரம் என்று ஒன்று வந்தபின், கடைசி மணிநேரங்களில் நடப்பது பேரம் என்பதைவிடக் காகித வேலையாகிவிட்டது. 2015 ஆகஸ்ட் 31 இரவில், யுனைடெடின் கோல்காப்பாளர் டேவிட் டி ஹேயா ரியல் மாட்ரிட்டுக்கும் மாட்ரிட்டின் கோல்காப்பாளர் கெய்லர் நவாஸ் யுனைடெடுக்கும் போவதற்கு இரு கிளப்புகளும் ஒப்புக்கொண்ட பிறகும், ஸ்பெயினின் நள்ளிரவுக் கெடுவுக்குள் ஆவணங்கள் ஃபிஃபாவின் கணினி அமைப்பில் முழுமையாக ஏறவில்லை. சில நிமிடங்கள். யார் தாமதித்தார்கள் என்று இரு கிளப்பும் மாற்றி மாற்றி அறிக்கை விட்டன. பத்து நாள் கழித்து டி ஹேயா யுனைடெடோடு புது ஒப்பந்தம் போட்டு 2023 வரை அங்கேயே இருந்தார். வேண்டாம் என்று அனுப்பப்பட இருந்த நவாஸ் மாட்ரிட்டில் தொடர்ந்து மூன்று முறை சாம்பியன்ஸ் லீக் வென்றார்.

மார்க் கேஹியின் கதை இதைவிடக் கசப்பானது. 2025 செப்டம்பர் 1 அன்று, ஒப்பந்தத்தில் ஓராண்டே மிச்சமிருந்த அந்தக் கிரிஸ்டல் பேலஸ் அணித் தலைவரை 3.5 கோடி பவுண்டுக்கு வாங்க லிவர்பூல் ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தின் கெடு அன்று மாலை ஏழு மணி. நமக்கு இரவு பதினொன்றரை. பேலஸ் தன் பங்குக்கு, அவருடைய இடத்துக்கு பிரைட்டனின் இகோர் ஜூலியோவை ஏற்பாடு செய்திருந்தது. அவரோ கடைசி நேரத்தில் வெஸ்ட் ஹாமுக்குப் போக முடிவெடுத்தார். மாற்று ஆள் இல்லாமல் அணித் தலைவரை விட முடியாது என்று பேலஸ் பின்வாங்கியது. விலையில் தகராறு இல்லை, ஆட்டக்காரருக்கும் விருப்பம். சங்கிலியில் மூன்றாவது கண்ணி அறுந்ததால் முதல் கண்ணி விழுந்தது. 'ஜூலையிலேயே வாங்கியிருக்க வேண்டும்' என்று லிவர்பூல் ரசிகர்கள் கொதித்தார்கள். ஜூலையில் பேலஸ் 3.5 கோடிக்கு இறங்கியிருக்குமா என்பதுதான் கேள்வி. கெடு நெருங்கியதால் இறங்கிய விலை, கெடு நெருங்கியதாலேயே கைகூடாமலும் போனது.

காத்திருந்து தோற்பது எப்போதும் நட்டம்தானா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. 2023 கோடையில் லிவர்பூல், சவுத்தாம்ப்டனின் ரோமியோ லாவியாவுக்காக 5 கோடி என்ற கேட்பு விலைக்குக் கீழேயே மூன்று முறை ஏறி ஏறிக் கேட்டு மறுக்கப்பட்டது. இடையில் மொய்செஸ் கைசெடோவுக்காக பிரைட்டனோடு 11.1 கோடிக்கு ஒப்புக்கொண்டது. அவர் செல்சிதான் வேண்டும் என்றார். லாவியாவும் செல்சிக்கே போனார். சில லட்சங்களுக்காக ஆளைத் தவறவிட்டார்கள் என்று லிவர்பூல் நிர்வாகம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பிறகு முப்பது வயது வதாரு எண்டோவை ஷ்டுட்கார்ட்டிலிருந்தும், விண்டோவின் கடைசி நாளில் ரயன் கிராவன்பெர்கை பயர்னிலிருந்து 3.4 கோடிக்கும் கொண்டுவந்தார்கள். லாவியா காயத்தால் அந்த லீக் சீசனில் ஒரே ஓர் ஆட்டம், அதுவும் மாற்று ஆட்டக்காரராக ஆடினார். கைசெடோ செல்சியின் முதுகெலும்பானார். கிராவன்பெர்க் 2024-25இல் லிவர்பூல் பட்டம் வென்றபோது லீக்கின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அன்றைக்கு இதையெல்லாம் யாரும் கணித்திருக்க முடியாது. ஆகவே முடிவை வைத்துப் பேரத்தை மெச்சுவதும் பழிப்பதும் பெரும்பாலும் நேர்மையற்ற வேலை. அந்த நாளில், அந்த விலையில், வேறு யார் கிடைத்தார்கள் என்று மட்டுமே கேட்க முடியும்.

தாமதத்துக்கு ஆடுகளத்திலேயே ஒரு விலை உண்டு என்பதை மட்டும் மறுக்க முடியாது. 2017 ஜூனில் விர்ஜில் வான் டைக் விஷயத்தில் சவுத்தாம்ப்டனிடம் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிய லிவர்பூல், வேறு தடுப்பாட்டக்காரரைத் தேடாமல், ஜனவரியில் 7.5 கோடிக்கு அவரையே வாங்கியது. பொறுமைக்கு இலக்கணம் என்று இன்று சொல்கிறோம். அந்த அக்டோபரில் வெம்ப்ளியில் டாட்டன்ஹமிடம் 4-1 என்று தோற்றபோது, அரை மணி நேரத்திலேயே தேஜான் லோவ்ரெனை வெளியே அழைத்த காட்சியைப் பார்த்தவர்கள் அப்போது அப்படிச் சொல்லவில்லை. ஒரு வார இறுதி ஆட்டத்துக்குப் புது ஆளை இறக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய வேலைநாள் நண்பகலுக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் அந்த நண்பகல்கள் மூன்றோ நான்கோ வருகின்றன, ஒவ்வொன்றும் மூன்று புள்ளி. 2018இலும் 2019இலும் இதற்காகவே சீசன் தொடங்குமுன் விண்டோவை மூடிப் பார்த்தார்கள். மற்ற நாடுகள் ஆகஸ்ட் முடிவுவரை திறந்தே வைத்திருந்ததால், வாங்க முடியாமல் ஆளை மட்டும் இழக்கும் நிலை வந்து, 2020இல் பழையபடி திரும்பினார்கள்.

நியூகாசிலின் அலெக்சாண்டர் இசாக்கின் கோடையில் இவை எல்லாமே ஒன்றாகக் கூடின. அவருடைய ஒப்பந்தம் 2028 வரை. ஆகவே நியூகாசிலுக்கு அவசரம் இல்லை. 2025 ஆகஸ்ட் 1 அன்று லிவர்பூல் தர முன்வந்த 11 கோடி பவுண்டை அது மறுத்தது. அவசரத்தை உருவாக்கியவர் ஆட்டக்காரர்: அணியோடு பயிற்சிக்கு வரவில்லை, ஆட மறுத்தார். நியூகாசிலுக்கோ, மாற்று ஆள் கிடைக்கும்வரை விட முடியாது. அந்தக் கோடை முழுவதும் பயர்ன் பேரம் பேசிப் படியாத நிக் வோல்ட்டமாடேவை, பயர்ன் சொன்னதைவிடக் கூடுதலாகக் கொடுத்து ஷ்டுட்கார்ட்டிடமிருந்து சில நாளில் வாங்கியது. பிரென்ட்ஃபோர்டின் யோவான் விஸ்ஸாவையும் கடைசி நாளில் சேர்த்தது. அதன் பிறகே, அன்றிரவே, இசாக் 12.5 கோடிக்குப் போனார். பிரிட்டனில் அதுவரை யாரும் கொடுத்திராத தொகை. ஒரு மாதத்தில் ஏறியது 1.5 கோடி. அந்த ஒரு மாதத்தில் அவர் எந்த அணியோடும் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. செப்டம்பர் நடுவில் லிவர்பூல் சட்டையில் முதன்முதலாக இறங்கியபோது, மற்றவர்கள் ஜூலையிலேயே முடித்துவிட்ட உடற்பயிற்சியை அவர் ஆட்டங்களுக்கு நடுவில் செய்துகொண்டிருந்தார்.